பழைய பெடல் ஸ்டீல்: எம்மன்ஸா, ஷோ-பட்டா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, பழைய எம்மன்ஸ், ஷோ-பட் இரண்டில் எதன் நாதம் உசத்தி?

பதில்: இரண்டும் பெடல் ஸ்டீல், அதாவது பெடலை மிதித்துக் கம்பியின் ஸ்ருதியை மாற்றும் கிட்டார் செய்த கம்பெனிகள். ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1950களின் நடுவில் ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர்களான ஷாட் ஜாக்ஸனும் பட்டி எம்மன்ஸும் நாஷ்வில்லில் ஷோ-பட்டைத் தொடங்கினார்கள். 1963ல் எம்மன்ஸ் பிரிந்து தன் பெயரிலேயே கம்பெனி ஆரம்பித்தார். அங்கே வந்ததுதான் புஷ்-புல் என்ற இழுப்பு முறை. பெடலை மிதிக்காதபோது கம்பியைத் தாங்கும் ஃபிங்கர் என்ற உலோகத் துண்டு ஆடாமல் முட்டி நிற்கும். அதிர்வு வீணாகாது, சத்தம் கணீரென்று வந்து நெடுநேரம் நிற்கும். ஷோ-பட் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். லாயிட் க்ரீன் ஷோ-பட்டில் வாசித்ததைக் கேளுங்கள், புரியும். எனக்குப் பிடித்தது புஷ்-புல்தான். ஆனால் வாங்கின கையோடு அடிப்பக்கத்து ஸ்க்ரூவைத் திருகாதீர்கள்! ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று நகரும்.

கேள்வி: ஆல்-புல் என்றால்?

பதில்: அது இன்னொரு இழுப்பு முறை. ஒவ்வொரு ஸ்ருதி மாற்றத்துக்கும் தனி ராடு, ஓரத்தில் தனி நைலான் நட். ஸ்ருதி பிசகினால் அந்த நட்டைத் திருகினால் போதும். புதிதாகக் கற்பவர்களுக்கு இதுதான் சரி.

கேள்வி: ஃபெண்டர் 400 மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: அது ஃபெண்டர் கம்பெனியின் பழைய பெடல் ஸ்டீல். எட்டுக் கம்பி, கேபிள் இழுப்பு. பத்துக் கம்பி E9 (இன்று வழக்கமான ஸ்ருதி அமைப்பு) பாடங்கள் அதில் ஒத்துவராது. ஸ்னீக்கி பீட் என்ற கலைஞர் அதை வைத்தே பேர் வாங்கினார், அது வேறு கதை.

கேள்வி: எல்லாம் கையில்தான் இருக்கிறது சார். இரும்பைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

பதில்: கம்பிமேல் வைக்கும் உலோகப் பாரை அழுத்தும் விதமும் விரல் மீட்டும் இடமும் முக்கால் பங்கு என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். மீதிக் கால் பங்குக்கு ஒரு சோதனை: E9ல் நாலாவது கம்பி E. அதை மீட்டி, ட்யூனரைப் பார்த்துக்கொண்டே A, B பெடல்களை மிதியுங்கள். அந்தப் பெடல்கள் இழுப்பது B, G# ஸ்வரக் கம்பிகளை மட்டும்தான். ஆனாலும் E துளி இறங்கும். உடல் வளைகிறது, அவ்வளவுதான். ஒரு கிட்டாரில் அதிகம் இறங்கும், இன்னொன்றில் தெரியவே தெரியாது. இதில் கைக்கு என்ன வேலை?

கேள்வி: (அவரேதான்) கேட்பவர்களுக்கு அந்தத் துளி தெரியுமா?

பதில்: தனியாக வாசித்தால் தெரியாது. பக்கத்தில் பியானோ இருந்தால் தெரியும். நாதத்துக்குக் காரணம் மரமா, அலுமினிய நெக்கா, பிக்கப்பா என்று அடுத்து இழுப்பீர்கள். மூன்றும்தான். விடுங்கள்.

கேள்வி: எம்மன்ஸ் நல்லதா, ஷோ-பட் நல்லதா?

பதில்: முதல் பதில். ஸ்க்ரூவையும் தொடாதீர்கள்.

கேள்வி: என் ஹவாயன் கிட்டாருக்குப் பெடல் மாட்ட முடியுமா?

பதில்: வேண்டாம். அதை அதுவாகவே வாசியுங்கள்.

கேள்வி: மூன்றாவது கம்பி அடிக்கடி அறுந்துபோகிறது.

பதில்: எல்லாருக்கும் அறும். 011 (0.011 அங்குல கனம்) கம்பி, அதை G#லிருந்து Aக்கு வேறு இழுக்கிறோம். அடிக்கடி என்றால், ஃபிங்கரின் தலையைத் தடவிப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் தெரிந்தவரிடம் கொடுத்து வழவழப்பாக்குங்கள். கச்சேரிக்கு முந்தின நாளே புதுக் கம்பி போட்டுவிடுங்கள்.