பாட்டி காத்திருந்தார், மைக் வரவில்லை

கேள்வி: அக்கா, கல்லூரிப் பாடத்துக்காக நாங்கள் நான்கு பேர் சேர்ந்து 8 நிமிடக் குறும்படம் எடுக்கிறோம். சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டிய என் பாட்டியின் கதை. தோட்டத் தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்க துன் சம்பந்தன் 1960-ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு அவர் பங்குப் பணம் கட்டியதும் அதில் வருகிறது. இயக்கம் நான். கைப்பேசி தன்னுடையது என்பதால் ஒளிப்பதிவு செய்பவன் ஷாட்டையும் தானே முடிவு செய்கிறான். லயத்து வீட்டுக்குள் எடுத்ததெல்லாம் பட்டை பட்டையாக மினுங்குகிறது. போன வாரம் 82 வயசுப் பாட்டி 5 மணிக்கே தலையில் துண்டு கட்டி, கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு வீட்டு முன் அஞ்சடியில் உட்கார்ந்திருந்தார். ஒலிப்பதிவு செய்பவன் 10 மணிக்கு வந்தான். விரிவுரையாளரிடம் சொல்லிவிட்டு நானே முடித்து, என் பெயரை மட்டும் போட்டுக்கொள்ளலாமா? இன்னும் 3 வாரம்தான் இருக்கிறது.
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம்மா. கோபம் நியாயம்தான், ஆனால் எல்லாக் கோபத்தையும் ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறாய்.

அந்த மினுங்கல் யாருடைய திமிராலும் வந்ததில்லை. நம் மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மினுங்கும், கண்ணுக்குத் தெரியாது. கைப்பேசி பெரும்பாலும் நொடிக்கு 30 பிரேம் எடுக்கும், இரண்டும் ஒத்துப்போகாமல் பட்டை விழுகிறது. கையால் அமைப்பை மாற்றும் செயலியில் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் 1/50 நொடி என்று வைத்து அதே வீட்டில் பத்து நொடி எடுத்துப் பாருங்கள். அவனும் நீயும் சேர்ந்து பாருங்கள்.

கைப்பேசி அவனுடையது என்பதால் ஷாட் அவனுடையது ஆகிவிடாது. ஆனால் நீ ஷாட் பட்டியல் எழுதிக் கொடுத்தாயா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எடுக்கும் இடத்தில் வாயால் சொல்லிக்கொண்டிருந்தால், கையில் கேமரா இருப்பவன்தான் முடிவெடுப்பான். முதல் நாள் இரவே எழுதிக் கொடு, அவன் யோசனையையும் அப்போதே கேள், காலையில் வாதம் வேண்டாம். அப்புறம், எடுத்ததையெல்லாம் இன்றைக்கே இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வை. என் மாணவர் காலத்தில் எல்லாக் காட்சியும் ஒரே டேப்பில் இருந்தது, சண்டையில் பிரிந்த தோழி அதைத் தரவே இல்லை, எங்கள் படம் அப்படியே நின்றுபோனது.

தாமதம்தான் பெரிய விஷயம். இது வெறும் மரியாதைப் பிரச்சினை என்று அந்தப் பையன் நினைத்திருப்பான். விடியும்முன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். வெட்டிய கோட்டில் வெள்ளையாக ஊறி, பால் பிடிக்கும் மங்கில் சொட்டு சொட்டாக விழும் அந்தச் சத்தம்தான் அவன் பதிவு செய்ய வேண்டியது, அதைத்தான் தவறவிட்டான். இதை அவனிடம் இப்படியே சொல். ஏன் வர முடியவில்லை என்றும் கேள். இரவு வேலை முடித்து வருகிறானா, அந்த நேரத்துக்குப் பேருந்து இல்லையா? அப்படியென்றால் முதல் நாள் ஒளிப்பதிவு செய்பவன் வீட்டில் தங்கட்டும். முடியாதென்றால் மத்தியான வேலையைக் கொடு: மின்விசிறியை நிறுத்திவிட்டு, பாட்டியின் சட்டையில் மைக்கைக் குத்தி, அந்தப் பங்குப் பணக் கதையை அவர் குரலிலேயே பதிவு செய்யட்டும். காலைச் சத்தத்தை நான்காவது ஆள் எடுக்கட்டும். நான்கு பேர் என்றாயே, அந்த நான்காவது ஆள் யார், என்ன செய்கிறார்? கடிதம் முழுக்கத் தேடிவிட்டேன், அவர் இல்லவே இல்லை. அவருக்கு யாரும் வேலையே கொடுக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

யார் என்ன வேலை செய்தாரோ அந்த வேலைக்கு நேராக அவர் பெயர் வரட்டும், அதை எடிட்டிங்குக்கு முன்பே நாலு பேரும் எழுதிக்கொள்ளுங்கள். இவ்வளவுக்கும் பிறகு ஒலிப்பதிவு செய்பவன் வராவிட்டால் விரிவுரையாளரிடம் போ, அவனையும் கூட்டிக்கொண்டு போ.

அதற்கெல்லாம் முன்னால், நாலு பேரும் பசியாற ஏதாவது வாங்கிக்கொண்டு பாட்டியைப் போய்ப் பாருங்கள், மன்னிப்புக் கேளுங்கள். அடுத்த தேதியை அவரே சொல்லட்டும். மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது, அதனால் இரண்டு தேதியாகக் கேட்டு வையுங்கள்.