காட்டுயிர்ப் படம் எடுக்கும் நண்பர் ஜனவரியில் இந்தியா வருகிறார். புலிக் காப்பகம் தவிர எங்கே கூட்டிப் போகலாம்?

கேள்வியில் சொல்லியிருக்கும் விவரம் இதுதான்: நண்பர் ஜெர்மனிக்காரர், கென்யாவில் நாலைந்து முறை படம் எடுத்தவர், கையில் மூன்று வாரம் இருக்கிறது, புலி மேல் ஆசை, ஆனால் அதோடு முடித்துக்கொள்ள வேண்டாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்.

சரியாகத்தான் நினைக்கிறீர்கள். வங்கி வேலையில் கிடைக்கும் லீவையெல்லாம் நான் இதில்தான் கரைக்கிறேன். மத்தியப் பிரதேசத்தில் ஒரு காப்பகத்தில் ஆறு சஃபாரி போனேன். புலி ஒரே ஒருமுறை வந்தது. என் மெமரி கார்டில் இருப்பது, முன்னால் இருந்த ஜீப்பில் எழுந்து நின்றவரின் தொப்பி, அதற்குப் பின்னால் கொஞ்சம் வால். திறந்த புல்வெளியில் சிங்கத்தை மணிக்கணக்கில் எடுத்துப் பழகியவருக்கு இது எரிச்சலைத்தான் தரும்.

கென்யாவில் எடுக்க முடியாத படம் இங்கே என்ன இருக்கிறது என்று யோசித்தால், எனக்குத் தோன்றுவது ஊருக்குள்ளேயே வந்து தங்கும் காட்டுயிர்தான். வாசலில் பாட்டி கூட்டிக்கொண்டிருப்பார், தலைக்கு மேலே நாரை கூடு கட்டிக்கொண்டிருக்கும்.

என் பட்டியலில் முதல் இடம் கீச்சன். ஜோத்பூரிலிருந்து சுமார் 140 கி.மீ., பலோடி பக்கத்தில் ஒரு பாலைவனக் கிராமம். மங்கோலியா, மத்திய ஆசியப் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி டெமாய்செல் கொக்குகள் குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வருகின்றன. ஊர்க்காரர்கள் அவற்றைக் குர்ஜா என்கிறார்கள். 1970களில் புறாவுக்குத் தானியம் போட ஆரம்பித்தார்களாம். அதைத் தின்னக் கொக்குகளும் வந்தன. வந்தவற்றை விரட்டாமல், ஊரில் உள்ள சமணக் குடும்பங்கள் செலவு செய்து, வேலி கட்டிய ஒரு மைதானத்தில் தினமும் தானியம் இறைக்க ஆரம்பித்தார்கள். இப்போது ஆயிரக்கணக்கில் வருகின்றன. 2025 ஜூனில் கீச்சன், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

விடிவதற்கு முன்னாலேயே பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் இடம் பிடிக்க வேண்டும். வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள், தேநீரே கொடுத்தாலும் கொடுப்பார்கள். முதலில் சத்தம்தான் வரும். அப்புறம் வானத்தில் கோடு கோடாகத் தெரியும். ஊரைச் சுற்றிச் சுற்றி வரும், இறங்காது. ஒரு கூட்டம் துணிந்து இறங்கிவிட்டால் மிச்சமெல்லாம் கொட்டின மாதிரி இறங்கும். 600 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டு தனிப் பறவையின் கண்ணைத் தேடாதீர்கள், அதை எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம். 70-200 மி.மீ. லென்ஸ் போதும், இன்னும் அகலமான லென்ஸும் இருக்கட்டும். செந்நிறக் கல்லில் செதுக்கிய பழைய ஹவேலிகள், அதாவது மாளிகை வீடுகள், பின்னால் வர வேண்டும், அதுதான் படம். தின்று முடித்ததும் ஊர்க்குளத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போகும். மதியம் அங்கே உட்காரலாம்.

அடுத்தது, அதே ராஜஸ்தானில் பரத்பூர். புலி கிடையாது என்பதால் அங்குள்ள கேவலாதேவ் பறவைப் பூங்காவுக்குள் நடந்தே போகலாம், மொத்தமே 29 சதுர கி.மீ.தான். ஆனால் நான் சைக்கிள் ரிக்‌ஷா எடுக்கத்தான் சொல்வேன். ரிக்‌ஷாக்காரர்களில் பலர் வருஷக்கணக்கில் அங்கேயே ஓட்டுகிறவர்கள். சாரஸ் கொக்கு ஜோடி இன்று எந்த வயல் ஓரம் நிற்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பூங்காவுக்குள் இருக்கும் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, பாருங்கள். மகாராஜா காலத்து வேட்டைக் கணக்கு. 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் சுட்டது 4,273 பறவைகள். அந்தக் கல்லை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் மற்ற படங்களுக்கு ஒரு பொருள் வரும்.

குஜராத்தின் உப்புப் பாலைவனமான சிறிய ரண் பகுதிக்கு இரண்டு நாள் போதும். காட்டுக்கழுதையும் உப்பளத் தொழிலாளிகளும் ஒரே வெட்டவெளியில். ஒன்பது, பத்து மணிக்கு மேல் கானல் கிளம்பிவிடும், தூரத்துக் கழுதை தண்ணீருக்குள் நிற்பதுபோல் நெளியும். லென்ஸைத் திட்டாமல் அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

கடைசி நாட்களைத் தெற்கில் வையுங்கள். பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில், மத்தூர் பக்கம் கொக்கரெபெல்லூர். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வீட்டுப் புளியமரத்தில் கூடு கட்டும் ஊர். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த பெண்ணைப் பார்ப்பதுபோலத்தான் அவற்றைப் பார்க்கிறார்கள். எச்சம் வயலுக்கு உரமாகிறது, புளி விளைச்சல் போவதற்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. சென்னை வழியாகப் போகிறீர்கள் என்றால் வேடந்தாங்கலைச் சேர்க்கலாம். நம்ம ஊர்தான், ஆனாலும் சொல்கிறேன், அங்கே கரையில் நின்று ஏரியைப் பார்க்க வேண்டியிருக்கிறது, தூரம் அதிகம். கொக்கரெபெல்லூரில் கூடு ஓட்டு வீட்டுக்கு நேர் மேலே.

நண்பர் பெட்டி கட்டும் முன் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். ட்ரோன் வேண்டாம். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கே தடை இருக்கிறது. அதைவிட முக்கியம், காட்டுக்குப் போகிறவர்கள் வெளிநாட்டில் சாதாரணமாக வைத்திருக்கும் சாட்டிலைட் போன், சாட்டிலைட் மெசேஜ் கருவி. அனுமதி இல்லாமல் இங்கே கொண்டுவந்தால் குற்றம். விமான நிலையத்திலேயே வெளிநாட்டவர்களைக் கைது செய்திருக்கிறார்கள்.

வரிசை என்று பார்த்தால் அகமதாபாத்தில் இறங்கி ரண், அப்புறம் கீச்சன், பரத்பூர், கடைசியில் பெங்களூர். ஜனவரி மூடுபனியில் வடக்கே ரயில் ஐந்தாறு மணி நேரம் தாமதமாவது சகஜம். அதனால் பரத்பூருக்கும் பெங்களூர் விமானத்துக்கும் நடுவில் ஒரு நாளைச் சும்மா விட்டு வையுங்கள்.