கடல் என்று பொருள்படும் ஐரிஷ், ஆங்கிலப் பெயர்கள் எவை? மகளுக்கு 'மோரீன்' என்று வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். ஆனால் கடலுக்காக வைக்காதீர்கள். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, என் பெயரே மோரீன்தான்.

கேள்வியைப் பார்த்தால் நீங்களும் எங்களைப் போலக் கடற்கரைக்காரர் என்று தோன்றுகிறது. ஏதோ ஒரு பெயர்ப் பட்டியலில் 'மோரீன்: கடலில் பிறந்தவள்' என்ற வரியைப் படித்து மயங்கியிருப்பீர்கள். இணையம் வருவதற்கு முன்பே எங்கள் வீட்டில் அது நடந்துவிட்டது. என் அத்தை சென்னையில் அயர்லாந்துக் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவர். தனக்குப் பிடித்த ஆசிரியையின் பெயரை எனக்கு வைக்கச் சொல்லி, "கடல்மகள் என்று அர்த்தம்" என்று அப்பாவிடம் அடித்துச் சொல்லியிருக்கிறார். வள்ளத்தில் கடலுக்குப் போகிற மனிதருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? திருமுழுக்கு அன்றே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். தூத்துக்குடிப் பள்ளியில் நான் பட்ட பாடு வேறு கதை. வருகைப் பதிவில் பாதிப் பெயர் வாசிக்கும்போதே பின்வரிசையிலிருந்து "மோர் வேண்டாம், தயிர் போதும்" என்று குரல் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு, 'இவர்களுக்கு என்ன தெரியும், நான் கடல்மகள்' என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு நர்ஸாக அயர்லாந்துக்கு, கால்வே நகருக்கு வந்தேன். வார்டில் கொனமாராப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் இருந்தார். வயது எண்பதுக்கு மேல், தாய்மொழி ஐரிஷ். என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்துவிட்டு, இந்தியப் பெண்ணுக்கு இந்தப் பெயர் எப்படி என்று கேட்டார். நானும் பெருமையாகக் கடல்மகள் கதையைச் சொன்னேன். மனிதர் இருமல் வரும்வரை சிரித்தார்.

அவர் சொன்னது இதுதான். மேரிக்கு ஐரிஷில் 'மாயிரெ'. அதோடு 'ஈன்' சேர்த்தால் செல்லப் பெயர், 'மாயிரீன்'. அதை ஆங்கிலத்தில் எழுதினால் மோரீன். அதாவது குட்டி மேரி. கடலுக்கு ஐரிஷ் சொல் 'முயிர்'. அதிலிருந்து 'முயிரீன்' என்று ஒரு சொல் இருக்கிறது, ஆனால் அவர்கள் ஊரில் அது விசிறி போல ஓடு விரிந்த ஒரு சிப்பி. வெண்ணெயில் வதக்கிச் சாப்பிடுவார்களாம். அதே ஒலியில் இன்னொரு சொல்லுக்குக் குடும்பம், குடும்பப் பாரம் என்று பொருள். மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறவள் என்ற முறையில் அது ஒன்றுதான் எனக்குப் பொருந்தியது.

நான் மொழியியல் படித்தவள் அல்ல, ஊசி போடுகிறவள். ஆனாலும் அன்றிலிருந்து இந்தப் பெயர்களை விடாமல் தேடிப் படித்திருக்கிறேன். 'முயிர்' என்றதும் 'முந்நீர்' என்று யாரும் பின்னூட்டத்தில் கிளம்ப வேண்டாம். லத்தீனின் மாரே, ஜெர்மனின் மேர், வெல்ஷின் மோர் (ஆம், மோர்!) ஆகியவைதான் அதன் பங்காளிகள்.

உண்மையிலேயே கடல் வேண்டுமென்றால் 'முயிரன்' இருக்கிறது: கடலும் வெண்மையும் சேர்ந்த பெயர். பெண் பெயர்தான், ஆனால் நம் காதுக்கு 'ன்' விகுதி ஆண்பிள்ளை போல ஒலிக்கும். 'ம்யூரியல்' என்றால் கடல் ஒளி. இங்கிலாந்தில் அது பாட்டிகளின் பெயர். எனக்குப் பிடித்தது 'முயிர்கென்', நிஜமாகவே 'கடலில் பிறந்தவள்'. பழைய ஐரிஷ் கதையில் லீ பான் என்ற பெண், வட அயர்லாந்தின் 'நே' என்ற ஏரி பொங்கி வீட்டார் மூழ்கியபின் பாதி சால்மன் மீனாக மாறி, 300 ஆண்டுகள் கடலில் திரிகிறாள். கடைசியில் வலையில் சிக்குகிறாள். பாங்கர் மடத்தின் துறவி கோம்கல் திருமுழுக்குக் கொடுத்து இந்தப் பெயரை வைக்கிறார். இன்னும் 300 ஆண்டுகள் வாழலாம், அல்லது உடனே இறந்து மோட்சம் போகலாம் என்றபோது அவள் மோட்சத்தைக் கேட்டாள். சோகம்தான். குழந்தைக்கு வைக்கலாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஆண்களுக்குக் குடும்பப் பெயர்களில் நிறைய உண்டு. அயர்லாந்தில் திரும்பிய பக்கமெல்லாம் இருக்கும் மர்ஃபி, 'கடல் வீரன்'. ஷெர்லக் ஹோம்ஸின் பகைவன் மொரியார்ட்டியின் பெயரில் இருப்பது 'கடலோட்டத்தில் கைதேர்ந்தவன்'. 1945இல் அரிக்கமேட்டில் நம் பழைய துறைமுகத்தைத் தோண்டிய மார்ட்டிமர் வீலரின் பெயரில் நார்மண்டி ஊரான மோர்ட்டமேர் ஒளிந்திருக்கிறது. அதற்குச் 'செத்த கடல்' என்று பொருள்.

குடும்பப் பெயர் என்றதும் ஒன்று. தயவுசெய்து பாஸ்போர்ட்டில் குழந்தையின் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போடும்போது யோசியுங்கள். இங்கே வங்கி, அலுவலகம் எங்கு போனாலும் என்னை என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பத்து வருடமாகியும் முதல் தடவையில் திரும்பிப் பார்க்க வரவில்லை.

அத்தையை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. மேரி என்ற பெயருக்குப் புனித ஜெரோம் 'கடலின் துளி' என்று பொருள் எழுதியதாகவும், லத்தீனில் துளிக்கான 'ஸ்டில்லா' படியெடுத்தவர் கையில் 'ஸ்டெல்லா' ஆகி, 'கடலின் விண்மீன்' பிறந்ததாகவும் அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆக, குட்டி மேரியான எனக்குள்ளும் கொல்லைப்புற வழியாகக் கொஞ்சம் கடல் வருகிறது. விண்மீன்தான் எழுத்துப் பிழை.

என் தங்கையின் பெயர் ஸ்டெல்லா. அவளிடம் இதை இன்னும் சொல்லவில்லை.