கிரெடிட் கார்டு பாயின்ட்டைப் பயணத்துக்குப் பயன்படுத்தும்போது முழு மதிப்பும் கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: எச்.டி.எஃப்.சி ரீகேலியா கோல்டு கார்டில் 30,000 பாயின்ட் சேர்ந்திருக்கிறது. அடுத்த ஆண்டு அப்பா அம்மாவைச் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு அழைத்துப் போக ஆசை. பாயின்ட்டைப் பணமாக எடுப்பதா, டிக்கெட் போடுவதா, விமான நிறுவனங்களின் பாயின்ட்டான மைலாக மாற்றுவதா? எதில் லாபம்?

பதில்:

பணமாக மட்டும் எடுக்காதீர்கள். பில்லில் கழித்துக்கொள்ளச் சொன்னால் உங்கள் கார்டில் ஒரு பாயின்ட்டுக்கு 20 காசுதான் தருவார்கள். 30,000 பாயின்ட்டுக்கு 6,000 ரூபாய். அதே பாயின்ட்டை அந்த வங்கியின் ஸ்மார்ட்பை தளத்தில் விமான டிக்கெட்டுக்கோ ஹோட்டலுக்கோ கொடுத்தால் பாயின்ட்டுக்கு 50 காசு, அதாவது 15,000 ரூபாய். பொருட்கள் பட்டியலில் மிக்ஸி, பை, கடிகாரம் என்று வாங்கினால் அதிகபட்சம் 35 காசு வரும். அந்தக் கார்டுக்கென்றே ஒரு தனிப் பட்டியலும் இருக்கிறது. அதில் சில வவுச்சர்களுக்கும் பொருட்களுக்கும் 65 காசு வரை போகும். எப்படியும் வாங்க நினைத்திருந்த பொருள் அதில் இருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். 65 காசு கிடைக்கிறதே என்பதற்காகத் தேவையில்லாத ஒன்றை வாங்கினால் அது செலவுதான்.

இந்த விகிதங்களை வங்கிகள் அடிக்கடி மாற்றுகின்றன. அதனால் பயன்படுத்தப்போகும் அன்று தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் ஏமாறும் இடம் இதுதான்.

ஒரு டிக்கெட்டைப் பணம் கொடுத்து வாங்கினால் என்ன விலை என்று பாருங்கள். பாயின்ட் அல்லது மைல் கொடுத்து வாங்கும்போதும் வரி, கட்டணம் என்று கையிலிருந்து கொஞ்சம் போகும். அதை அந்த விலையிலிருந்து கழியுங்கள். மீதியைக் கொடுக்கும் பாயின்ட்டின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பாயின்ட்டுக்கு எத்தனை ரூபாய் கிடைக்கிறது என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான் கணக்கு. தவறு நடப்பது ‘பணம் கொடுத்து வாங்கினால் என்ன விலை’ என்ற இடத்தில்தான்.

உதாரணத்துக்கு, பிசினஸ் கிளாஸ் டிக்கெட் ஒன்றின் விலை ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 40,000 மைலும் 8,000 ரூபாய் வரியும் கேட்கிறார்கள். ஒரு மைலுக்கு 2 ரூபாய் 30 காசு கிடைத்துவிட்டது என்று யூடியூபில் கொண்டாடுவார்கள். சரி, பாயின்ட்டே இல்லாவிட்டால் அந்த ஒரு லட்சத்தை நீங்கள் கொடுத்திருப்பீர்களா? 18,000 ரூபாய்க்கு எகானமி டிக்கெட் எடுத்திருப்பீர்கள். அப்படியானால் உங்களுக்கு மிச்சமானது 10,000 ரூபாய்தான், மைலுக்கு 25 காசு. அதற்கு மேல் கிடைத்தது எல்லாம் படுத்து உறங்கிப் போன சுகம். அந்தச் சுகத்துக்கும் மதிப்பு உண்டு, நான் மறுக்கவில்லை. லண்டன் போல நீண்ட தூரம் போகும்போது, அதுவும் மூட்டு வலியோடு வரும் பெரியவர்களுக்கு, அது பெரிய விஷயம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் நாலு மணி நேரம். அந்தப் பயணத்துக்கு என் கணக்கில் அது தேவையில்லை. உங்கள் பெற்றோரின் உடல்நிலை உங்களுக்குத்தான் தெரியும், முடிவு உங்களுடையது. ஒரு லட்சம் மிச்சம் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

அடுத்து மைல் மாற்றம். உங்கள் கார்டில் இரண்டு பாயின்ட்டுக்கு ஒரு மைல்தான் வரும். 30,000 பாயின்ட் 15,000 மைலாகச் சுருங்கும். ஸ்மார்ட்பையில் கிடைக்கும் 50 காசுக்குச் சமமாக வேண்டுமென்றால் ஒவ்வொரு மைலுக்கும் ஒரு ரூபாயாவது கிடைக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் மாற்றியதே நஷ்டம். தவிர, மூன்று பேர் சிங்கப்பூர் போய்வர 15,000 மைல் எந்த மூலைக்கு? வேறு வழியாகவும் மைல் சேர்த்து வைத்திருந்தால் ஒழிய, உங்கள் விஷயத்தில் மைல் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களில் சிலருக்கு மைல் பொருந்தலாம். ஆக்சிஸ் அட்லஸ் போன்ற கார்டில், அந்தக் கார்டு தரும் ஒரு மைலுக்கு விமான நிறுவனத்தின் இரண்டு மைல் என்ற விகிதம் உண்டு. கையில் அப்படிப்பட்ட கார்டு இருந்தால் கணக்கு அடியோடு மாறிவிடும். அவர்களுக்குச் சில விஷயங்கள்.

இருக்கை கண்ணில் படும்வரை மைலாக மாற்றாதீர்கள். ஒருமுறை மாற்றினால் திரும்பக் கார்டுக்கு வராது. வங்கியில் இருக்கும்வரை அந்தப் பாயின்ட்டுக்குப் பல வாசல்கள் திறந்திருக்கும். மாற்றிய நொடியில் ஒரே ஒரு வாசல்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃப்ளையரில் மைல் பொதுவாக மூன்று ஆண்டில் காலாவதியாகும். அதே கிரிஸ்ஃப்ளையரில் 355 நாட்களுக்கு முன்பே மைல் டிக்கெட் பதிவு தொடங்கிவிடும். குறைந்த மைல் கேட்கும் ‘சேவர்’ இருக்கைகள் மே விடுமுறைக்கும் தீபாவளி, பொங்கலை ஒட்டிய நாட்களுக்கும் சீக்கிரம் தீர்ந்துவிடும். தேதியில் நெகிழ்வு இருப்பவர்கள் அங்கே மாதந்தோறும் வரும் ‘ஸ்பான்டேனியஸ் எஸ்கேப்ஸ்’ சலுகையையும் பார்த்துவிடலாம். குறிப்பிட்ட ஊர்களுக்கு மைல் விலையில் குறைப்பு இருக்கும், ஆனால் உடனே கிளம்ப வேண்டியிருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது ஒத்துவராது.

ஏவியோஸ் என்ற மைல் வைத்திருப்பவர்களுக்கு நம் ஊருக்கே பொருந்துகிற ஒரு வழி இருக்கிறது, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் ஏர்வேஸ் இரண்டும் பயன்படுத்தும் ஒரே நாணயம் ஏவியோஸ். குறைந்த தூரப் பயணத்துக்குக் குறைவாகவும் நீண்ட தூரத்துக்கு அதிகமாகவும் கேட்பார்கள். அந்த இரண்டும் இருக்கும் ஒன்வேர்ல்டு என்ற விமான நிறுவனக் கூட்டணியில் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014-இல் சேர்ந்தது. அதனால் சென்னை, திருச்சி, மதுரை ஆகிய ஊர்களிலிருந்து கொழும்பு போகும் அதன் விமானங்களுக்கு ஏவியோஸ் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். தூரம் குறைவு என்பதால் மிகக் கீழ்ப்படியில்தான் வரும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உறவினர் உள்ளவர்கள், பண விலை எகிறும் நாட்களில் இதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஐரோப்பாவுக்குப் போகும்போது எச்சரிக்கை தேவை. சில நிறுவனங்கள் மைல் டிக்கெட்டுக்கும் எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று கணிசமாக வாங்கும். மேலே சொன்ன கணக்கில் அதைக் கழிக்க மறந்தால் விடை தப்பாகிவிடும்.

ஹோட்டல் பக்கம் ஒரு நல்ல அளவுகோல் உண்டு. அக்கோர் குழுமத்தின் திட்டத்தில் 2,000 பாயின்ட் கொடுத்தால் பில்லில் 40 யூரோ குறையும், எந்த நாளிலும் அதே மதிப்பு. நோவோடெல், ஐபிஸ் எல்லாம் அவர்களுடையவை. உங்கள் வங்கி பாயின்ட் எந்த விகிதத்தில் அங்கே மாறும் என்று தெரிந்தால், அந்தப் பாயின்ட்டின் ரூபாய் மதிப்பை யாரையும் கேட்காமல் நீங்களே போட்டுவிடலாம். மாரியட்டில் பாயின்ட் கொடுத்துத் தொடர்ந்து ஐந்து இரவு தங்கினால் நாலு இரவுக்கு மட்டும் பாயின்ட் பிடிப்பார்கள். நாலு இரவுக்குப் பதிவு செய்யப்போகிறவர் ஐந்தாவது நாளையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

சேர்த்து வைத்துக்கொண்டே போகலாமா என்று கேட்டால், கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வங்கி வைப்புத் தொகைக்கு வட்டி வளரும். பாயின்ட்டுக்கு அப்படி எதுவும் இல்லை, விதி மாறினால் தேயும். ஆக்சிஸ் மேக்னஸ் கார்டில் ஐந்து பாயின்ட்டுக்கு நாலு மைல் என்று இருந்தது, 2023 செப்டம்பர் 1 முதல் ஐந்துக்கு இரண்டு ஆனது. ஒரு லட்சம் பாயின்ட் வைத்திருந்தவருக்கு அதுவரை 80,000 மைல் மதிப்பு. மாற்றம் வந்தபின் 40,000. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி பறப்பதை நிறுத்தியபோது, அதில் பறப்பதற்கென்றே மைல் சேர்த்தவர்களுக்கு அந்த விமானமே இல்லாமல் போனது. விஸ்தாரா 2024 நவம்பர் 12-இல் ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது பாயின்ட்டுகள் ஏர் இந்தியா திட்டத்துக்குப் போய்விட்டன. விஸ்தாராவின் மைல் அட்டவணையை மனத்தில் வைத்துத் திட்டமிட்டவர்கள் புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருந்தது. ஆக, ஓராண்டுக்குள் வரப்போகும் ஒரு பயணத்தைக் குறிவைத்துச் சேர்த்து, அதற்கே செலவழித்துவிடுவது நல்லது. நீங்கள் அப்படித்தான் கேட்டிருக்கிறீர்கள், அது சரியான அணுகுமுறை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மாத பில்லை முழுதாகக் கட்டாதவருக்கு இந்தப் பதிலில் எதுவும் பயன்படாது. உங்கள் கார்டில் 150 ரூபாய்க்கு 4 பாயின்ட் என்று வைத்துக்கொண்டு, 50 காசு மதிப்பில் பார்த்தால் செலவில் 1.33 சதவீதம். ஒரு லட்சம் செலவழித்தால் 1,333 ரூபாய். அந்த ஒரு லட்சத்தை ஒரு மாதம் நிலுவையில் வைத்தால் 3.5 சதவீத வட்டி என்று வைத்தாலும் 3,500 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ‘மினிமம் டியூ’ மட்டும் கட்டிக்கொண்டு பாயின்ட் எண்ணுகிறவர்களை நினைத்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. அவர்கள் முதலில் நிலுவையை அடைத்துவிட்டு வரட்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை கூட விமானம் ஏறாதவருக்குப் பாயின்ட் கார்டே தேவையில்லை. எஸ்.பி.ஐ கேஷ்பேக் கார்டில் ஆன்லைன் செலவுக்கு, உச்சவரம்புக்கு உட்பட்டு, 5 சதவீதம் நேராகப் பில்லில் கழியும். மதுரைக்கும் நெல்லைக்கும் ஏ.சி. பெட்டியில் அடிக்கடி போகிறவருக்கு ஐ.ஆர்.சி.டி.சி எஸ்.பி.ஐ கார்டு பொருந்தும். அதில் ஒரு பாயின்ட்டுக்கு ஒரு ரூபாய், அதைக் கொடுத்து ரயில் டிக்கெட்டே எடுக்கலாம்.

இனி உங்கள் சிங்கப்பூர். 15,000 ரூபாய் மதிப்பை விமான டிக்கெட்டில் இறக்குங்கள், ஹோட்டலில் வேண்டாம். விமான விலையை ஒரே நிமிடத்தில் நிறுவனத்தின் தளத்தோடு ஒப்பிட்டுவிடலாம். ஹோட்டலில் அறை வகை, காலை உணவு, ரத்து விதி என்று ஒவ்வொன்றும் மாறும், வங்கித் தளத்தில் கூடுதலாகக் கொடுத்தது தெரியாமலே போகும். விமானத்திலும் ஒப்பிடாமல் விடாதீர்கள். ஸ்மார்ட்பையில் ஒரு டிக்கெட் 1,000 ரூபாய் அதிகம் என்றால் மூன்று பேருக்கு 3,000. அப்போது உங்கள் பாயின்ட்டின் மதிப்பு 50 காசிலிருந்து 40 காசுக்கு இறங்கிவிட்டது. பெட்டிக்கான எடை டிக்கெட்டில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முழுத் தொகையையும் பாயின்ட்டிலேயே கட்ட விடமாட்டார்கள், ஒரு பகுதியைக் கார்டில் கட்டத் தயாராக இருங்கள்.

அங்கே போனபின் இந்தக் கார்டை அதிகம் தேய்க்காதீர்கள். வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி வாங்கும் கூடுதல் கட்டணமான மார்க்-அப் 2 சதவீதம், ஜி.எஸ்.டி சேர்த்தால் 2.36. திரும்பக் கிடைப்பது 1.33 சதவீதம்தான் என்று மேலே பார்த்தோம். மார்க்-அப் இல்லாத கார்டு ஒன்றை, உதாரணமாக ஸ்காப்பியா ஃபெடரல் போன்றதை, கிளம்பும் முன்பே வாங்கி வைத்துக்கொண்டால் முஸ்தஃபா கடையில் வாங்குவதையும் ஹோட்டல் பில்லையும் அதில் கட்டலாம். கடையில் இயந்திரத்தை நீட்டி “ரூபாயிலா, டாலரிலா?” என்று கேட்பார்கள். சிங்கப்பூர் டாலர் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் போடும் மாற்று விகிதம் பெரும்பாலும் மோசமாக இருக்கும்.

கடைசியாக, உங்கள் கார்டில் பாயின்ட்டுக்கு ஆயுள் இரண்டு ஆண்டு. எத்தனை பாயின்ட் எந்த மாதம் காலாவதியாகிறது என்று இன்றே பாருங்கள். பயண நாளுக்கு முன்பே பெரும்பகுதி போய்விடும் போலிருந்தால், அப்பா அம்மா இருவருக்கும் போகும் டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே பாயின்ட்டில் போட்டுவிட்டு, திரும்பும் டிக்கெட்டையும் உங்களுடையதையும் பிறகு விலை இறங்கும்போது எடுத்துக்கொள்ளலாம். பதிவு செய்யும் முன் மூவரின் பாஸ்போர்ட்டும் பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.