ஊட்னடாட்டா மண் சாலை: கேளுங்கள், சொல்கிறேன்

தென் ஆஸ்திரேலியாவின் மர்ரீயிலிருந்து ஊட்னடாட்டா வழியாக மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர். இரண்டு முறை ஓட்டியிருக்கிறேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, எங்களிடம் இருப்பது சாதாரண எஸ்யூவி. தாங்குமா?

காய்ந்த நாளில் தாங்கும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, நிதானமாக ஓட்டுங்கள். ஸ்டெப்னி இரண்டு வையுங்கள்; என் முதல் பயணத்தில் ஒன்றுதான் இருந்தது, அதுவும் முதல் நாளே போய்விட்டது. மழை பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள். மீறிப் போனால் அபராதம்.

கேள்வி: சாலையை ஒட்டிப் பழைய ரயில் பாதை போகிறதாமே, ஒன்றுமே இல்லாத பாலைவனத்தில் ரயில் ஏன் ஓட்டினார்கள்?

எல்லாம் தண்ணீர் செய்த வேலை. பூமிக்கடியில் இருக்கும் நீர் இந்த வழி நெடுக ஊற்றாக வெளியே வருகிறது. இந்த மண்ணின் பழங்குடிகளான அரபனா மக்களுக்குக் காலங்காலமாகத் தெரிந்த ஊற்றுகள். 1859இல் நிலம் தேடிப் பயணித்த ஆய்வாளர் ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் இவற்றைப் பிடித்துக்கொண்டுதான் வடக்கே போனார். 1872இல் தந்திக் கம்பி அதே தடத்தில் போனது. நீராவி எஞ்சினுக்கும் தண்ணீர் வேண்டுமே! ரயிலும் பின்னாலேயே வந்து, 1891இல் ஊட்னடாட்டாவைத் தொட்டது. 1980இல் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். கர்டிமுர்கா நிலையக் கட்டடமும், அல்ஜிபக்கினாவில் 578 மீட்டர் இரும்புப் பாலமும் மிச்சம்.

'பப்ளர்' என்ற ஊற்றைத் தவறவிடாதீர்கள். தெளிந்த குளத்தின் நடுவே சாம்பல் நிற மணல் குமிழாகப் பொங்கி எழுந்து, உடைந்து, வளையமாகப் பரவும். பார்த்தால் உலை கொதிப்பது போலிருக்கும், ஆனால் சுடாது. நான் அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன், வீட்டில் திட்டு.

கேள்வி: கூடாரம் போட நல்ல இடம்? குழந்தைகள் உண்டு.

கவர்ட் ஸ்பிரிங்ஸ். பழைய ரயில் நிலையம், பேரீச்ச மரங்கள், ஆழ்துளைக் கிணற்று நீர் நிரம்பிய சின்னக் குளியல் தொட்டி. ஜூலை இரவில் நல்ல குளிர், கம்பளி எடுத்துப் போங்கள்.

கேள்வி: டீசல், போன் சிக்னல்?

மர்ரீ, வில்லியம் க்ரீக், ஊட்னடாட்டா, மார்லா. இடையில் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஊர்களைத் தாண்டினால் சிக்னலை மறந்துவிடுங்கள். சாட்டிலைட் போன் வாடகைக்குக் கிடைக்கும்.

கேள்வி: டிசம்பர் லீவில் போகலாமா? எங்களுக்கு அப்போதுதான் விடுமுறை.

வேண்டாம்மா, அங்கே அப்போது கடும் கோடை. ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவாகியிருக்கிறது. அந்த வெயிலில் வண்டி நின்றால் உதவி வர எத்தனை மணி நேரம் ஆகுமோ. ஜூன், ஜூலையில் நான்கு நாள் லீவு போட முடியுமா பாருங்கள்.