முதல் பிரசவம் ஏன் சிசேரியனில் முடிகிறது?

கேள்வி: எனக்கு வயது 27. முதல் பிரசவத்துக்கு இன்னும் ஆறு வாரங்கள் இருக்கின்றன. குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்ததும், சிசேரியன்தான் என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். என் அக்காவுக்கும் தோழிகளுக்கும்கூட முதல் பிரசவமே அறுவை சிகிச்சைதான். எந்தக் காரணங்களுக்காக இது உண்மையில் தேவைப்படுகிறது?
– வாசகி, பெரம்பூர், சென்னை.

பதில்: கொடி சுற்றியிருப்பதை மட்டும் வைத்து சிசேரியன் செய்ய வேண்டியதில்லை. பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது. பெரும்பாலானவை சுகப்பிரசவமாகவே பிறக்கின்றன. மாமனுக்கு ஆகாது என்ற பேச்சையும் பொருட்படுத்த வேண்டாம்.

நஞ்சு (குழந்தைக்கு ஊட்டம் தரும் 'பிளாசென்டா') கர்ப்பப்பை வாயை மூடியிருந்தாலோ, குழந்தை குறுக்காகக் கிடந்தாலோ சிசேரியன் தவிர வேறு வழியில்லை. இவை குறைவாகவே நேர்கின்றன. முதல் பிரசவத்தில் பெரும்பாலும் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: 'வாய் திறக்கவில்லை' என்பதும், 'குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது' என்பதும். இரண்டுமே மருத்துவரின் கணிப்பைச் சார்ந்தவை என்பதால்தான் ஒரு மருத்துவமனைக்கும் இன்னொன்றுக்கும் இவ்வளவு வேறுபாடு. முதல் பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் மெதுவாகத்தான் திறக்கும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற பழைய கணக்கு பல பெண்களுக்குப் பொருந்தாது என்றும், 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே பிரசவம் வேகம் பிடிக்கும் என்றும், அதற்குப் பின்னும் முதல் பிரசவத்துக்கு 12 மணி நேரம் வரை ஆகலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018இல் தெளிவுபடுத்தியது. வாய் இளகாத நிலையில், தக்க காரணமின்றி மருந்து வைத்து வலியை வரவழைத்துவிட்டு, போதிய நேரம் தராமல் 'முன்னேற்றம் இல்லை' என்று முடிவு செய்வதை நான் ஏற்கமாட்டேன். இதயத் துடிப்பு அப்படியல்ல. கருவி சில வேளைகளில் வீணாக எச்சரித்தாலும், துடிப்பு குறைந்தபடியே இருக்கும்போது காத்திருக்கச் சொல்ல எவராலும் முடியாது.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. சிக்கலான கர்ப்பங்கள் பலவும் எழும்பூர் போன்ற அரசு மருத்துவமனைகளுக்கே அனுப்பப்படுவதால், இந்த இடைவெளிக்கு உடல்நிலையை மட்டும் காரணமாகச் சொல்ல இயலாது. நாள் நட்சத்திரம் பார்த்து அறுவை சிகிச்சைக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் குடும்பங்களுக்கும் இதில் பங்குண்டு.

முதல் பிரசவத்தைப் பற்றி இவ்வளவு வலியுறுத்தக் காரணம், அடுத்த பிரசவமும் பெரும்பாலும் அதே வழியில் போவதும், தழும்பின் மேல் நஞ்சு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஒவ்வொரு சிசேரியனுக்கும் கூடுவதும்தான். ஆகவே அடுத்த பரிசோதனையில், குழந்தையின் தலை கீழ்நோக்கி இருக்கிறதா, வலி தானாக வர எத்தனை வாரம் வரை காத்திருப்பார்கள், பிரசவ அறையில் உடன் ஒருவர் இருக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். உதிரப்போக்கு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும், வலி வரவில்லையே என்று வீட்டில் இருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.