மருத்துவ சீட்டுக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

தில்லி மயூர் விஹாரிலிருந்து எழுதியிருக்கும் தாயாருக்கு வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவில் இருக்கும் உங்கள் மகள் நல்ல மதிப்பெண் வாங்குகிறாள், நீட் பயிற்சிக்கும் போகிறாள், ஆனால் பயிற்சிப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஆதி மனிதர்களைப் பற்றி இரவில் வெகுநேரம் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று வருந்தியிருக்கிறீர்கள். கோடை விடுமுறையில் ஊருக்குப் போய்க் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தபோது, "இந்தச் சாமிக்கு முன்னால் நம் ஆட்கள் யாரைக் கும்பிட்டார்கள்? அவர்களுக்கும் முன்னால் இங்கே யார் இருந்தார்கள்?" என்று அவள் கேட்டதையும், "முதலில் டாக்டராகு, மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்று உங்கள் அண்ணன் அதட்டியதையும் எழுதியிருக்கிறீர்கள். நீட் தரவரிசை கைகொடுக்காவிட்டால் தனியார் கல்லூரியில் சீட் முடித்துத் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட் ஒருவரை அவரே உங்களுக்கு அறிமுகம் செய்துவைத்திருக்கிறார். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆயினும் முழுக் கடிதத்திலும் எனக்குக் கவலை தந்தது அந்த சீட் பேரம் ஒன்றுதான்.

மேனேஜ்மென்ட் கோட்டா உட்பட எம்.பி.பி.எஸ். இடங்கள் நீட் தகுதியின் அடிப்படையில், அதிகாரபூர்வக் கலந்தாய்வின் வழியாகவே நிரப்பப்படுகின்றன. ஆகவே அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு "சீட் உறுதி" என்று சொல்பவர் தன்னிடம் இல்லாத சரக்கை விற்கிறார். முறைப்படி கிடைத்தாலும், பல தனியார் கல்லூரிகளில் படிப்பு முடிவதற்குள் மொத்தச் செலவு ஒரு கோடி ரூபாயைத் தொட்டுவிடும். உங்கள் கணவருக்கு ஓய்வுபெற இன்னும் ஆறு ஆண்டுகளே இருக்கின்றன என்கிறீர்கள். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டுகள், அதற்குப் பிறகு முதுநிலை இல்லாமல் இக்காலத்தில் ஒரு மருத்துவர் நிலைகொள்வது கடினம். குடும்பத்துக்கு இருக்கும் ஒரே ஃபிளாட்டை, அந்தப் பெண் கேட்காத ஒரு படிப்புக்காக அடமானம் வைப்பதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். அண்ணன் வருத்தப்படுவார் என்பது இந்தக் கணக்கில் சேராது.

பொறியியல், பல் மருத்துவம், பயோடெக் ஆகியவற்றைப் பற்றி உறவினர்கள் ஏற்கெனவே வேண்டிய அளவு சொல்லியிருப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் ஒருமுறைகூட இடம்பெறாத மானிடவியலைப் பற்றி, அதாவது மனிதரின் தோற்றத்தையும் உடலையும் பண்பாட்டையும் ஆராயும் துறையைப் பற்றி, குறிப்பாக அதன் உடல்சார் பிரிவைப் பற்றி, விரிவாகச் சொல்ல வேண்டும்.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் துறை 1947இல் தொடங்கப்பட்டது. நார்த் கேம்பஸில் உள்ள ஹன்ஸ்ராஜ் கல்லூரியில் இது பி.எஸ்சி. ஆனர்ஸ் படிப்பாகவே இருக்கிறது. சேர்க்கை 2022 முதல் க்யூட் நுழைவுத்தேர்வின் வழியாக நடக்கிறது. மயூர் விஹாரில் நீல வழித்தட மெட்ரோவில் ஏறி, ராஜீவ் சௌக்கில் மாறி, விஷ்வவித்யாலயா நிலையத்தில் இறங்கினால் போதும். விடுதிச் செலவே கிடையாது. ஆண்டுக் கட்டணத்தைப் பொறுத்தவரை, நீங்கள் நீட் பயிற்சி நிலையத்துக்குக் கட்டிய தொகைக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடும்.

இது கதை படிக்கும் படிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். இடுப்பெலும்பின் பின்புறத்தில் ஒரு வளைந்த பள்ளம் உண்டு. பெண்ணின் எலும்பில் அது பொதுவாக அகன்றும் ஆணின் எலும்பில் குறுகியும் இருக்கும். அதைக் கையால் தடவியும் கருவியால் அளந்தும் பால் வேறுபாட்டைக் கணிக்க மாணவர்களுக்குக் கற்றுத் தருவார்கள். பற்கள் முளைத்திருக்கும் வரிசையைக்கொண்டு ஒரு குழந்தை எந்த வயதில் இறந்தது என்று மதிப்பிடுவார்கள். சிறுவயதில் உருவாகும் பல் எனாமலில், அப்போது உண்ட உணவின் வழியாக அந்த மண்ணின் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் பதிந்துவிடுவதால், ஒருவர் வளர்ந்த ஊரும் புதைக்கப்பட்ட ஊரும் ஒன்றுதானா என்பதைக்கூடச் சோதிக்க முடியும். இவற்றோடு மரபியல், புள்ளியியல், களப்பணி ஆகியவையும் உண்டு. புள்ளியியலைக் கண்டு ஓடுகிற பிள்ளைக்கு இந்தத் துறை ஒத்துவராது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

உங்களுடைய இன்னொரு அச்சம், இதையெல்லாம் படித்தால் "சாமி பொய், எல்லாம் குரங்கிலிருந்து வந்தது" என்று அவள் பேசத் தொடங்கிவிடுவாள் என்பது. முதலில் ஒரு திருத்தம்: இன்றைய குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று எந்த மானிடவியலாளரும் சொல்வதில்லை, இரு சாராருக்கும் பொதுவான முன்னோர் இருந்தனர் என்றுதான் சொல்கிறார்கள். இந்த அடிப்படைச் செய்தியைக்கூட, பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டுவிடும் பிள்ளைகள் தாமாகத் தேடிப் படிக்க வேண்டிய நிலையில்தான் இருக்கிறோம். பரிணாமம் பற்றிய பகுதியை என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டது, 2023இல் வந்த புத்தகத்தில் அது இல்லை. 

தெரிந்தது எது, தெரியாதது எது என்று கோடு போட்டுக் காட்டுவதில் இந்தத் துறை மிகக் கண்டிப்பானது. திருவள்ளூர் மாவட்டத்தில் கொற்றலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1863இல் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அடையாளம் கண்ட அந்த இடத்தில் தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அகழாய்வு செய்தார்கள். அங்கே கிடைத்த கல் கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011இலும், சிறுகருவிகளை நோக்கி நகர்ந்த தொழில்நுட்பம் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு தோன்றிவிட்டது என்று 2018இலும் ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. ஆனால் அந்தக் கருவிகளைச் செய்தவர்களின் எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை. அவர்கள் எந்த மனித இனத்தைச் சேர்ந்தவர்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை.

தில்லியிலிருந்து காரில் சில மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய, ஹரியானாவில் உள்ள சிந்துவெளி நாகரிக இடமான ராக்கிகடியிலும் இதே நிலைதான். 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்ததில் ஒரே ஒரு பெண்ணின் மாதிரியிலிருந்துதான் பயன்படத்தக்க மரபணுத் தரவு கிடைத்தது. 2019இல் வந்த கட்டுரை அந்த ஒருவரை வைத்தே எழுதப்பட்டது. நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் பழைய டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடுகின்றன. ரேடியோகார்பன் முறையோ சுமார் 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் உதவாது. அதற்குமேல் மணல் துகள் கடைசியாக வெயில் கண்ட காலத்தைக் கணிப்பது போன்ற வேறு முறைகளை நாட வேண்டும். ஒரு மண்டையோட்டின் வயதைச் சொல்லலாம், அதற்குள் இருந்த மூளையின் கொள்ளளவைச் சொல்லலாம். அந்த மனிதர் இறந்தவரைப் புதைத்தபோது என்ன நினைத்தார் என்று அளக்கக் கருவி கிடையாது. மனிதன் எதற்காக வந்தான் என்ற கேள்வியை அறிவியல் தன் வேலையாகவே எடுத்துக்கொள்வதில்லை. அதை உங்கள் மகள் பூசாரியிடமோ தத்துவ ஆசிரியரிடமோ தாராளமாகக் கேட்கலாம். இந்தப் படிப்பு அதைத் தடுக்காது. என் அனுபவத்தில், இத்துறைக்குப் போன பிள்ளைகள் வீட்டுப் பூஜையில் சண்டை போட்டதைவிட, வாட்ஸாப்பில் வரும் "பத்தாயிரம் ஆண்டுத் தமிழர்" செய்திகளுக்கு ஆதாரம் கேட்டு மாமாக்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் அதிகம்.

வேலையைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனம், தடய அறிவியல் ஆய்வகங்கள், பொது சுகாதார ஆய்வுகள், உடலளவுகளைக்கொண்டு தலைக்கவசமும் ஆடையும் இருக்கையும் வடிவமைக்கும் நிறுவனங்கள் ஆகியவற்றில் இடம் உண்டு. யூ.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வில் மானிடவியல் ஒரு விருப்பப் பாடம். பழைய டி.என்.ஏ. பக்கம் போக விரும்பினால் ஐதராபாத்தில் சி.சி.எம்.பி. என்ற உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமும் லக்னோவில் தொல்லுயிர்களை ஆராயும் பீர்பல் சாஹ்னி நிறுவனமும் இருக்கின்றன. ஆராய்ச்சிக்குப் போனால் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) பெறுபவருக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையும் வீட்டு வாடகைப் படியும் உண்டு. ஆனால் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, காத்திருப்பு நீளம். குருகிராமில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் இருபத்திரண்டு வயதில் வாங்கும் சம்பளத்தை இவள் அந்த வயதில் வாங்கமாட்டாள். இதை அவளிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். கடன் இல்லாத குடும்பத்தால் அந்தக் காத்திருப்பைத் தாங்க முடியும்.

அவளுடைய நாட்டத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். காணொளி பார்த்து வியப்பது போதாது. அத்திரம்பாக்கம் பற்றிய 2018 கட்டுரையைத் தேடி எடுத்து, காலக்கணிப்பு எப்படிச் செய்யப்பட்டது, பிழை வரம்பு எவ்வளவு என்பதைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். சலிப்போடு பாதியில் விட்டால் என்னிடம் மறுபடி வாருங்கள், வேறு வழி பேசுவோம். முடித்துத் தந்தால் பேச்சுக்கே இடமில்லை.

நீட் எழுதட்டும், பணம் கட்டியாகிவிட்டது, உயிரியல் பாடம் எப்படியும் பயன்படும். நல்ல தரவரிசை வந்து அரசுக் கல்லூரி கிடைத்தால்கூட, முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும். க்யூட் விண்ணப்பத்தைத் தவறவிடாதீர்கள், பி.எஸ்சி. மானிடவியலுக்கு எந்தெந்தப் பாடங்களில் தேர்வு எழுத வேண்டும் என்று பல்கலைக்கழகத்தின் அந்த ஆண்டுத் தகவல் அறிக்கையில் பார்த்த பிறகே பாடங்களைக் குறியுங்கள், ஏனெனில் அங்கே செய்யும் தவறைப் பிறகு திருத்துவது கடினம். ஏஜென்டுக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். உங்கள் அண்ணனிடம் நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்தே பேசுங்கள். அந்தப் பேச்சை மகளின் தலையில் கட்டாதீர்கள்.